ஒரு டயருக்குத்தான் காசு

மழை விட்டு அரை மணி நேரம்.
கபாலே கடைத்தெருவில் திபென்டெரானா
தார்ப்பாயை உதறுகிறார்.
அடியில் அடுக்கிய டயர்களின் குழிவுகளில்
பழுப்புத் தண்ணீர்.

"பின் டயர்தானே, கோபுசிங்யே?"
என் பதில் வருமுன்பே கொக்கிக் கம்பு
மேலே போய்விட்டது.
பால் ஏற்றும் எல்லோரும் பின் டயர்தான் வாங்குகிறார்கள்.
மூன்று கேன், அறுபது லிட்டர்,
எல்லாப் பாரமும் பின்னால்தானே.
நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்,
போன செவ்வாய்க்கிழமை வரை.

யூகலிப்டஸ் மரங்களுக்குக் கீழே அந்த வளைவு.
செம்மண் மேலே தோல் போலக் காய்ந்து
உள்ளே வெண்ணெயாக இருந்தது.
யாரோ கைப்பிடியைப் பிடுங்கிக்கொண்டது போல
முன் சக்கரம் போய்விட்டது.
பின் சக்கரத்தைத் தினமும் குனிந்து பார்த்தவள்
முன்னதை ஒரு வருடமாகப் பார்க்கவே இல்லை.
வழுக்கை டயர் வழுக்காமல் என்ன செய்யும்?
நாற்பது லிட்டர் சிவப்பின் மேல் வெள்ளையாக ஓடியது.
எங்கிருந்தோ ஒரு நாய் வந்தது.
என் முழங்காலைப் பார்க்கவில்லை,
பாலைத்தான் பார்த்தது.

"முன் டயர்" என்றேன்.
கம்பு பாதியில் நின்றது.

முதலில் எடுத்துப் போட்டது பளபளத்தது.
பக்கச் சுவரில் நான்கு எண்களைத் தேடினேன்:
எந்த வாரம், எந்த வருடம்.
என் மகள் முதல் வகுப்பில் சேர்ந்த வருடம்.
அவள் இப்போது ஏழாம் வகுப்பு.
"வெயிலே படாத சரக்கு" என்றார்.
வெயில் படாததற்கும் வயசாகும்.
மடக்கிப் பிடித்தேன்:
பள்ளங்களின் அடியில் மெல்லிய கீறல்கள்
வாய் திறந்தன.

அடுத்தது கட்டை கட்டையாகப் பல் வைத்தது.
பையன்களுக்குப் பிடிக்கும்.
சேற்றில் கடிக்கும், தார் ரோட்டில் ஊளையிடும்,
நான்கு மாதத்தில் நடுப்பல் தேய்ந்துவிடும்.
என் வழி பதினோரு கிலோமீட்டர் மண், ஆறு தார்.
இரண்டுக்கும் பாதி பாதி ஒத்துவருவதைத்தான்
நான் வாங்க வேண்டும்.

"ஒரு அளவு அகலமாகப் போடலாமே?"
அகிம்பிசிப்வே அப்படித்தான் பின்னால் போட்டான்.
செயின் உரசி உரசி
வாங்கிய அழகெல்லாம் தூளாகக் கொட்டியது.
இரண்டே முக்கால், பதினேழு.
வண்டி கேட்ட அளவு. போதும்.

குடைக்கடியில் பியாருகபா சோப்புத் தண்ணீர் தடவி
இரண்டு நெம்புகோலால் விளிம்பை உள்ளே தள்ளினான்.
நன்றாகவே செய்தான்.
அம்புக்குறியை மட்டும் பார்க்கவில்லை.
"கழற்று" என்றேன்.
"சுற்றப்போகிறது, அவ்வளவுதானே?"
"எந்தப் பக்கம் சுற்றப்போகிறது?"
முணுமுணுத்தபடி கழற்றினான்.
இந்த முறை வால்வு நேராக நிற்கிறதா என்று
அவனே ஒரு தரம் பார்த்துக்கொண்டான்.

காற்று அடிப்பவனின் மீட்டரை நான் நம்புவதில்லை.
என்னுடையது பேனா அளவு, சட்டைப் பையில் இருக்கிறது.
விடியுமுன், வண்டி ஒரு அடி நகருமுன் வைத்துப் பார்ப்பேன்.
ஓடிச் சூடான டயர் கூட்டிச் சொல்லும்.
முன்னால் இருபத்தைந்து.
பின்னால் பாரத்தைப் பொறுத்து.

புது ரப்பரில் இன்னும் எண்ணெய் மினுமினுப்பு,
பூனை மீசை போல முடிகள்.
முதல் நூறு கிலோமீட்டருக்கு
அதற்கு என்னைத் தெரியாது.
சாய்க்காமல், அவசரப்படுத்தாமல்
பழக விட்டேன்.

பின் டயர் அடுத்த மாதம்.
அதுவரை இரண்டு கேன்தான்.
குளிர்நிலையத்தில் நின்சீமா பேனாவை நிறுத்தினாள்:
"நாற்பதுதானா? மாடு வற்றிப்போச்சா?"
"இல்லை, டயர்."
அவள் அதையும் ஓரத்தில் எழுதிக்கொண்டாள்.

திரும்பும்போது அதே வளைவு, அதே வெண்ணெய்.
கண் போன இடத்துக்கு முன் சக்கரம் போனது.
பின்பக்கம் கொஞ்சம் ஆடியது.
ஆடட்டும்.
வால் ஆடி நாய் விழுந்து
நான் பார்த்ததில்லை.